ஐந்தாவது வரி

கள்ளக்குறிச்சி
14-10-2024

அன்புத் தங்கை தெரசாவுக்கு,

உறுதியான செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். நம் சித்தப்பா மகன் ராசு நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபதுக்கு இறந்துபோனான். சொன்னவன் அவன் மகன் அமல். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருப்பதை நானே வாங்கிப் பார்த்தேன். மணலூர்பேட்டையில் மாலை ஐந்து மணிக்கு அடக்கம் முடிந்தது. உனக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. உன் மலையில் சிக்னல் இல்லை. இருந்தாலும் என் இடது காது போய், வலது காதும் மந்தமான பிறகு போனில் பேசுவது எதுவும் எனக்குப் பிடிபடுவதில்லை. நம் இரண்டு பேருக்கும் தபால்தான்.

எனக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 148. படியேறும்போது முழங்கால் வலிக்கிறது. வேறு குறையில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

உன் அண்ணி எஸ்தர் போய் இரண்டு வருடம் ஆகிறது. காலை வேளையை வீட்டில் தனியாகக் கழிக்க முடியாமல், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தமிழரசனின் பேனர் கடையில் போய் உட்கார்கிறேன். கண்ணீர் அஞ்சலி பேனர்களுக்குக் கவிதை எழுதித் தருகிறேன். போட்டோ, தோற்றம், மறைவு, அதன் கீழே நான்கு வரி, அதற்கும் கீழே 'துயருடன்' என்று உறவுக்காரர் பெயர்ப் பட்டியல். முப்பத்து நான்கு வருடம் நிருபராக இருந்தவனுக்கு இது பெரிய வேலையில்லை. என்னிடம் மொத்தம் பதின்மூன்று கவிதைகள் இருக்கின்றன. வயதான ஆண், வயதான பெண், விபத்து, இளம் மனைவி என்று பிரித்து வைத்திருக்கிறேன். பெயரை மட்டும் மாற்றுவோம்.

ராசுவுக்கு எதுவும் பொருந்தவில்லை. அவனைப் போய் 'குலவிளக்கே' என்று எழுதினால் மணலூர்பேட்டையே சிரிக்கும். அவனோடு அதிகம் சண்டை போட்டவள் நீ. நவம்பர் 12 முப்பதாம் நாள் பூசை. நான்கு வரி எழுதி அனுப்பு. நான்குக்கு மேல் இடமில்லை.

உன் அண்ணன்
சின்னப்பன்


மாவடிப்பட்டு, வெள்ளிமலை அஞ்சல்
24-10-2024

அன்புள்ள அண்ணா,

நான் நலம். சர்க்கரை 148 என்பது பெருமையாக எழுதுகிற எண் இல்லை. ராத்திரி சோற்றைக் குறையுங்கள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நர்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆனாலும் வாய் ஓயவில்லை, பாருங்கள்.

உங்கள் கடிதத்தை வாங்கி முதல் வரியிலேயே ராசு அண்ணன் செத்துப்போனதைப் படித்தேன். தபால்காரர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். தங்கைக்கு எழுதும்போதாவது செய்தியைக் கொஞ்சம் பின்னால் வைத்திருக்கலாம்.

இங்கே மலைப் பெண்கள் துக்க வீட்டில் பாடுவதை இத்தனை வருடமாகக் கேட்கிறேன். யாரும் மலர் உதிர்ந்தது, விளக்கு அணைந்தது என்று பாடுவதில்லை. செத்தவன் என்ன சாப்பிட்டான், எந்த மரத்திலிருந்து விழுந்தான், யாரிடம் கோபித்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருந்தான் என்று பாடுகிறார்கள். ஒருமுறை செவ்வந்தியிடம் கேட்டேன். அவள் எங்கள் அங்கன்வாடியில் வேலை செய்கிறவள், அடுத்த வீடு. "இன்னாக்கா, அவன் எப்படிப் பொழச்சான்னு சொல்லாம எப்படி அளுவறது?" என்றாள்.

ராசு அண்ணனுக்கு:

பாலத்தில் லாரி நின்றால் உன் பாட்டுத்தான் கேட்கும்;
பந்தியில் இடமில்லை என்றால் நின்றபடி உண்பாய்.
திட்டாத நாளில்லை, தேடாத நாளுமில்லை.
இன்றும் தேடுகிறோம், ராசு, திட்டத்தான் ஆளில்லை.

பெரியம்மாள் அண்ணியிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கை
தெரசா


கள்ளக்குறிச்சி
20-11-2024

அன்புத் தங்கைக்கு,

பேனர் 11-ஆம் தேதி மாலை கட்டப்பட்டது. நான் மறுநாள் பூசைக்குப் போய் நேரில் பார்த்ததை எழுதுகிறேன். கோயில் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்று படித்தார்கள். பேனரில் பெயர்ப் பட்டியலைத் தவிர வேறெதையும் ஜனங்கள் படித்து நான் பார்த்ததில்லை. கரும்பு லாரி ஓட்டுகிற ஒருவர் கடைசி வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

பெரியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டது. "அந்த ஆளு செத்து முப்பது நாளு ஆவுது. எல்லாரும் வந்து நல்லவரு வல்லவருன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. யாரைச் சொல்றாங்கன்னே எனக்குப் புரியல. இன்னிக்கித்தான் எனக்கு அளுவ வந்துச்சு" என்றது.

தமிழரசன் என்னைக் கேலி செய்கிறான். "இன்னா சார், உங்க சரக்கு படுத்துடுச்சே! தங்கச்சி சரக்குதான் ஓடுது" என்கிறான். பதின்மூன்றையும் மூட்டை கட்டச் சொல்கிறான். நேரம் கிடைத்தால் இன்னும் சில எழுதி அனுப்பு.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. சின்ன வயதில் நீ எழுதிக்கொண்டேதான் இருந்தாய். நோட்டு நோட்டாக இருந்தது. ஏன் நிறுத்தினாய்? நான் கேட்டதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

சர்க்கரை 131. மலையில் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. உடல்நலத்தை எழுது.

சின்னப்பன்


மாவடிப்பட்டு
11-12-2024

அன்புள்ள அண்ணா,

நானும் நலம். சாமை அறுப்பு முடிந்தது. கடுக்காய் சீசன் நெருங்குகிறது. காயப்போட வீட்டுக்கு வீடு வாசலில் இடம் ஒழித்து வைக்கிறார்கள்.

கேட்டதால் சொல்கிறேன். கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

உங்கள் பத்திரிகையின் 1987 பொங்கல் மலர் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் கடலூர் அலுவலகத்தில் பக்கம் கட்டிக்கொண்டிருந்தீர்கள். என் பாட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினீர்கள். பதினாறு வரி. ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று முதல் பன்னிரண்டு வரி. குழாய் சொட்டுவது, பல்லி, அடுத்த வீட்டுச் சிரிப்பு, இப்படி. கடைசி நான்கு வரியில் அவள் எழுந்து கதவைத் திறந்து வெளியே போகிறாள். அந்த நான்கு வரிக்காகத்தான் முந்தைய பன்னிரண்டையும் எழுதினேன்.

மலரில் பன்னிரண்டு வரிதான் வந்தது. கீழே உர விளம்பரம்.

அப்பா படித்தார். ஊரும் படித்தது. "இன்னா, உன் பொண்ணு தனியா கீறேன்னு பேப்பர்ல எழுதி அளுவுதாமே" என்று அப்பாவை டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். இருபது நாளில் உளுந்தூர்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். நான் கல்யாணம் வேண்டாம் என்று மலைக்கு வேலை எழுதிக் கேட்டு ஏறிவிட்டேன். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

மலை எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆயிரத்துக்கு மேல் பிரசவம் பார்த்திருக்கிறேன். திருவிழாவில் ஆடியிருக்கிறேன். அருவிக்கு நடந்து போய்க் குளித்து நடந்து வந்திருக்கிறேன். தனிமை என்று நான் எழுதியதும் ஊர் புரிந்துகொண்டதும் வேறு வேறு. எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். பாதியில் நிற்கும் என்றால் எதற்குத் தொடங்குவது?

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எஸ்தர் அண்ணி கல்லறையில் எனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

தெரசா


கள்ளக்குறிச்சி
2-1-2025

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அந்தப் பக்கம் எனக்கு நினைவிருக்கிறது. விளம்பரம் கடைசி நேரத்தில் வந்தது. இடம் போதவில்லை. செய்தியில் முக்கியமானது மேலே இருக்கும். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவோம். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். கீழே இருக்கும் வரிகள் இல்லாவிட்டாலும் செய்தி நிற்கும். பாட்டையும் அதே கத்தியால் வெட்டினேன். பாட்டில் முக்கியமானது கடைசியில் வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு யோசிக்கவில்லை.

இதை விளக்கமாக எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. அது மறுபடி நடக்காது.

அந்த நான்கு வரி என்ன? எழுதி அனுப்பு. பொங்கலுக்கு நான் அங்கே வரட்டுமா? வெள்ளிமலை பஸ்ஸில் கண்டக்டர் வீரமுத்து எனக்குப் பழக்கம். உன் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவான்.

சர்க்கரை 138, கிறிஸ்துமஸ் பலகாரம். உன் நலத்தை எழுது.

சின்னப்பன்


மாவடிப்பட்டு
6-2-2025

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதமாகிவிட்டது. உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? முழங்காலைக் காட்டினீர்களா? காதில் மிஷின் வைத்துப் பார்க்கச் சொல்லி எத்தனை வருடம் ஆகிறது, போனீர்களா?

இப்போது வர வேண்டாம். பனி இறங்கியிருக்கிறது, வளைவுகளில் எதிரே வரும் பஸ் தெரிவதில்லை. உங்கள் முழங்காலோடு இந்த ஏற்றம் சரிப்படாது. வெயில் வரட்டும், பார்க்கலாம்.

அந்த நான்கு வரி மறந்துபோயிற்று. விடுங்கள்.

முப்பது வருடமாக இந்த மலையில் வீடு வீடாகப் போய், 'உடம்பில் ஏதாவது தெரிந்தால் தள்ளிப் போடாதே, கீழே போய்க் காட்டு' என்று பெண்களிடம் சொன்னவள் நான். சொல்வது எவ்வளவு சுலபம் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

ஒருத்திக்காக ஒன்று எழுதினேன். பெயர் வேண்டாம். ஐந்து வரி ஆகிவிட்டது. இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முற்றத்தில் கடுக்காய் காய்கிறது. வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு.
ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் முதலில் ஏந்தியவள்.
கேட்க ஆளில்லை என்பதால் உரக்கவே பாடினாள்.
பாதிப் பாட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தாள்.
இன்னும் முடிக்கவில்லை; கதவு திறந்தே இருக்கிறது.

ராத்திரி சோறு வேண்டாம். கேழ்வரகுக் கூழ் குடியுங்கள்.

தெரசா


கள்ளக்குறிச்சி
3-3-2025

அன்புத் தங்கைக்கு,

சர்க்கரை 129. கூழ் வேலை செய்கிறது. முழங்காலுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். காதுக்குப் போகவில்லை.

உன் கவிதை நேற்று முதல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது. விவரம் இது: திருநாவலூர் அமிர்தம் அம்மாள், வயது 84, பிப்ரவரி 21 அன்று காலமானார். ஊருக்கே பிரசவம் பார்த்த மருத்துவச்சி. மகன் வெங்கடேசனுக்கு இங்கே பஸ் ஸ்டாண்டை ஒட்டி விதைக்கடை. பத்தாம் நாள் காரியத்துக்கு பேனர் கேட்டு வந்தார். உன் வரிகளைக் காட்டினேன். இரண்டாவது வரியைப் படித்ததுமே, "எங்க அம்மாவப் பாத்து எழுதுன மாரியே கீதுங்க" என்று கண் கலங்கிவிட்டார். கடுக்காயை மட்டும் 'நெல்' ஆக்கினோம்.

ஐந்தாவது வரியை எடுத்துவிட்டேன். இடத்தைக் காரணம் சொல்லமாட்டேன், அது பொருந்தவில்லை. இறந்துபோனவர் இன்னும் முடிக்கவில்லை, கதவு திறந்தே இருக்கிறது என்றால் படிப்பவர்கள் குழம்புவார்கள். கை தவறி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். நான்காவது வரியோடு நிறுத்தினால் கச்சிதமாக முடிகிறது. கோபிக்க மாட்டாயே?

பேனரின் படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். நீ இதை யாருக்காக எழுதினாய்? அவர் இறந்தது எப்போது? எழுது.

சின்னப்பன்


கள்ளக்குறிச்சி
10-4-2025

தெரசாவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. ஐந்தாவது வரிக்காகக் கோபம் என்றால் அதையாவது எழுது.

இன்று காலை வீரமுத்துவை பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கேட்டேன். "நர்சம்மா வூடு பூட்டியே கெடக்குது சார். மாசத்துக்கு மேல ஆவுது. நான்தான் எறக்கி உட்டேன், பையி, தலகாணியோட. உங்க வூட்டுக்குத்தான் வர்றாங்கன்னு நெனச்சேன்" என்றான். இங்கே நீ வரவில்லை. எங்கே போனாய்?

இதை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உன் அடுத்த வீட்டுச் செவ்வந்தியிடம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நலமாக இருக்கிறாயா?

சின்னப்பன்


மாவடிப்பட்டு
19-4-2025

மரியாதைக்குரிய சார் அவர்களுக்கு செவ்வந்தி எழுதுவது.

உங்க ரெண்டு கடுதாசியும் என்கிட்ட இருக்கு. பிரிக்கல. அக்கா உங்களுக்குச் சொல்ல வேணாம்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. கண்டக்டர் அண்ணன் வந்து, சார் மூஞ்சே சரியில்லன்னு சொன்னாரு. அதான் எழுதறேன். பாவம் எனக்கு வரட்டும்.

அக்காவுக்கு எடது மாருல கட்டி. தை மாசமே அவங்களுக்குத் தெரியும். எங்களுக்கெல்லாம் தொட்டுப் பாக்கச் சொல்லிக் குடுத்தவங்க, தெரியாம இருக்குமா? நான் சண்ட போட்டுக்கினே இருந்தேன். போலாம் போலாம்னாங்க. அப்புறம் சாம்பல் புதன் அன்னிக்கு என்னைக் கூட்டிக்கினு பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கௌம்புனாங்க. இப்ப மருந்து ஏத்தறாங்க. சிஸ்டருங்க நடத்தற தங்கும் விடுதியில இருக்காங்க. நான் பத்து நாளு இருந்துட்டு அங்கன்வாடிக்காகத் திரும்பிட்டேன்.

இன்னொன்னு சொல்லணும் சார். கள்ளக்குறிச்சியில பஸ் மாறும்போது ஒரு பேனர் தொங்கிச்சு. அக்கா நின்னு படிச்சாங்க. ரொம்ப நேரம் நின்னாங்க. பாண்டிச்சேரி பஸ்ஸு ஹாரன் அடிக்கிறான். இன்னாக்கா, தெரிஞ்சவங்களான்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லடி. இடம் பத்தல போல" அப்படின்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. 

விடுதி விலாசம் பின்னாடி எழுதியிருக்கேன். உடம்பப் பாத்துக்குங்க சார்.

செவ்வந்தி


புதுச்சேரி
24-4-2025

தெரசா,

உறுதியான செய்தி ஒன்றும் இல்லாமல் நான் எழுதும் முதல் கடிதம் இது. உன் விடுதிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை பதினொன்றரைக்கு வந்தேன். கேட்டில் நின்ற சிஸ்டர் "உள்ள வாங்க" என்றார். நீ என்னிடம் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய். நீ கூப்பிடாமல் உள்ளே வருகிற உரிமை எனக்கு இல்லை. இதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

செவ்வந்தியைத் திட்டாதே.

உன் கடிதங்களைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். அக்டோபரில் 'நான் நலம்' என்று எழுதியிருக்கிறாய். டிசம்பரில் 'நானும் நலம்'. பிப்ரவரியில் என் சர்க்கரை, என் முழங்கால், என் காது மூன்றையும் கேட்டிருக்கிறாய். உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. பொய் எழுத உனக்கு வராது, அதனால் அந்த வரியையே விட்டிருக்கிறாய். பேட்டியில் ஆள் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்று பார், செய்தி அங்கேதான் இருக்கும் என்று புதிதாக வந்த நிருபர்களுக்கெல்லாம் நான் பாடம் எடுத்திருக்கிறேன்.

ஐந்தாவது வரி கை தவறி வந்தது என்று எழுதினேன். உன் பிப்ரவரிக் கடிதத்தில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். வர வேண்டாம் என்று கடிதம் சொன்னது, கதவு திறந்திருக்கிறது என்று பாட்டு சொன்னது. நான் கடிதத்தை நம்பினேன்.

அது எனக்குக் கிடைத்தது பிப்ரவரி 11. நீ மலையிறங்கியது மார்ச் 5. இருபத்திரண்டு நாள். அந்த நாட்களில் நான் பேனருக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்னித்துவிடு என்று எழுத இடம் இருக்கிறது. எழுதுகிறேன். மன்னித்துவிடு.

அண்ணன்


புதுச்சேரி
20-5-2025

அன்புள்ள அண்ணா,

நான் நலமில்லை. நீங்கள் நலமா?

நான்கு வாரம் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. கோபம் முதலில் இருந்தது. எந்தத் தேதியில் போயிற்று என்று கேட்காதீர்கள், குறித்து வைக்கவில்லை. மருந்து ஏற்றினால் எட்டு நாள் பேனா பிடிக்க முடிவதில்லை. முடி கொட்டிவிட்டது. வார்டில் எல்லோருக்கும் ஒரே தலை. எனக்குப் பக்கத்துக் கட்டில் பெண் திண்டிவனம். "இன்னாக்கா, நாம ரெண்டு பேரும் சோடியா மொட்ட போட்டுக்கினு வேளாங்கண்ணி போயி வந்த மாரி கீறோம்" என்கிறாள். சிரித்து இருமினோம்.

மறைக்காமல் எழுதுகிறேன். அன்றைக்குக் கள்ளக்குறிச்சியில் பஸ் மாறுவதற்காக மட்டும் நான் இறங்கவில்லை. உங்கள் பேனர் கடைக்கு வந்து, உங்களைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றுதான் இறங்கினேன். தனியாகப் போகப் பயமாக இருந்தது. கடைக்கும் எனக்கும் நடுவில் அந்த பேனர் இருந்தது. வேறொருவர் படத்துக்குக் கீழே என் நான்கு வரி. என்னைப் புதைத்து முடித்த மாதிரி இருந்தது. உங்களிடம் நான்கு வரிக்கு மேல் எதையும் சொல்ல முடியாது என்று தோன்றிவிட்டது. பஸ் ஏறிவிட்டேன். நூறு அடி நடந்திருக்கலாம். அது என் தப்பு.

முழுதாகத்தான் வாழ்ந்திருக்கிறேன், அண்ணா. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் கவிதையில் உரக்கப் பாடினாள் என்று எழுதியது பாதி உண்மை. கேட்க ஒருவர் இருந்தால் மெதுவாகவே பாடியிருப்பேன்.

1987 நான்கு வரி மறந்துபோயிற்று என்று எழுதினேன். பொய் எழுத வராது என்று என்னைப் புகழ்ந்திருக்கிறீர்கள். அது ஒன்று பொய். நான்கும் நினைவிருக்கிறது. எழுதித் தரமாட்டேன், வெட்டிவிடுவீர்கள். பாடத்தான் செய்வேன். ஆபரேஷனுக்கு முன்னால் வாருங்கள். அதற்குப் பிறகு மூச்சு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. கேட்கிற காது எதுவோ அதை என் பக்கம் வைத்து உட்காருங்கள்.

தெரசா


கள்ளக்குறிச்சி
14-6-2025

அன்புத் தங்கைக்கு,

ஆபரேஷனுக்கு முன்னால் வரச் சொன்னாய்; தேதி முதல் எல்லாவற்றையும் விசாரித்து, உறுதியானதை மட்டும் எழுதுகிறேன். உனக்கு ஆபரேஷன் ஜூன் 19, வியாழக்கிழமை காலை. சொன்னவர் உன் வார்டு நர்ஸ் அருள்மொழி. போனில் கேட்டு எனக்கு எழுதிக் காட்டியவள் தமிழரசன் மகள் அபிநயா. கட்டி மருந்துக்குக் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. அக்குளில் இருப்பது சுருங்கவில்லை. டாக்டரிடமும் கேட்கச் சொன்னேன். "ஒரு ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தாங்கன்னா" என்று தொடங்கி அவர் மேலே பேசவில்லையாம். அபிநயா அதை அப்படியே எழுதி, பக்கத்தில் மூன்று புள்ளி வைத்திருந்தாள். நான் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

சர்க்கரை 126. உன் வீட்டுச் சாவி செவ்வந்தியிடம் இருக்கிறது. முற்றத்தைப் பெருக்கி வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பினாள். கதவையும் பகலில் திறந்தே வைக்கிறாளாம்.

பதின்மூன்று கவிதைகளையும் தமிழரசனின் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொன்னேன். இனிமேல் யாராவது கவிதையோடு வந்தால் எத்தனை வரியோ அத்தனைக்கும் இடம் விடு என்றும் சொன்னேன். "அப்போ துயருடன் லிஸ்ட்டுல யாரைத் தூக்கறது சார்? மாப்பிள்ளையைத் தூக்கினா வூட்டுல சண்ட வரும்" என்றான். பேனரைப் பெரிதாகப் போடு என்றேன். விதைக்கடை வெங்கடேசனிடமும் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தராசில் இருந்த விதையைக் கட்டி வைத்தார். பிறகு, "அந்த அஞ்சாவது வரி எங்க அம்மாவுக்குக்கூட இருந்திருக்கலாமேங்க" என்றார். 

இன்னும் தெரியாமல் இருப்பவை இரண்டு. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது வெட்டியெடுத்ததைச் சோதித்த பிறகுதான் தெரியும். அந்த ரிப்போர்ட் ஜூன் 27 வெள்ளிக்கிழமை வரும் என்று அருள்மொழி சொன்னார். இன்னொன்று அந்த நான்கு வரி. அதை ஜூன் 18 புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், எதிர்பார்க்கிறேன். எனக்குக் கேட்பது வலது காது. நோட்டுப் புத்தகம் எடுத்து வரமாட்டேன்.

உன் அண்ணன்
சின்னப்பன்